டாக்டர் எழுதியது

மறுபடியும் எடை பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள்.

காலையில்தான் பார்த்தாயிற்று. ஐம்பத்தொன்று. மூன்று மணி நேரத்தில் அது எங்கே போய்விடப் போகிறது?

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் சிலேட்டு. விரல்கள் அதன் மரச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தன.

"போயிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எதிரிலேயே கிடந்த ஸ்கேன் உறையின் பக்கம் டாக்டரின் கண் போகவே இல்லை.

காய்கறிச் சந்தையில் இருபத்தாறு வருடம் ஏலம் கூவியவர் சடையப்பன். தக்காளிக் கூடைமேல் குறியாக இருக்கும் வியாபாரி எப்போதும் வெண்டைக்காயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுந்தார்.

எடை மெஷின் பக்கத்தில் இருந்த ஆயா காதருகே வந்து கத்தினாள்.

"பெரியவரே! செருப்பு! செருப்பைக் கழட்டுங்க!"

குரல்வளையைத்தான் எடுத்தார்கள். காதை விட்டுவைத்திருந்தார்கள். இதை ஊராருக்கு எழுதிக் காட்டியே ஒரு டப்பா பல்பம் தீர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் இன்னமும் கைஜாடையில்தான் சர்க்கரை போடவா என்று கேட்கிறார். இரையாமல் பேசுகிறவள் மனைவி ஒருத்திதான்.

முள் ஐம்பத்தொன்றைத் தொட்டதும் இறங்கிவிட்டார்.

செருப்பைக்கூட மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. உள்ளே டாக்டர் தணிந்த குரலில் என்னவோ சொன்னார். விளங்கவில்லை.

மனைவி சொன்னது விளங்கியது.

"அவருக்குத் தெரிய வேணாம் சார். தெரிஞ்சா தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சிருவாரு."

கழுத்துத் துளையை மூடியிருந்த துணி மூச்சுக்கு உள்ளே ஒட்டியது. வெளியே உப்பியது. உள்ளே ஒட்டியது.

கதவைத் தள்ளினார்.

"வாங்க, வாங்க!" டாக்டர் இரைந்தார். "நல்ல சேதி! இனிமே கரண்ட் வேண்டாம். மாத்திரை மட்டும் போதும். வீட்ல ஹாயா ரெஸ்ட் எடுங்க!"

கதிர்வீச்சைத்தான் அங்கே எல்லோரும் கரண்ட் என்பார்கள். மொத்தம் முப்பத்துமூன்று என்று சொன்னவர் இதே டாக்டர். முடிந்திருப்பது பதினேழு.

மனைவி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி," என்றாள்.

வெளியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "சடையப்பன் கூட வந்தவங்க யாரு? இங்க ஒரு கையெழுத்து போடணும்."

அவள் தயங்கினாள். போனாள். வாசலில் திரும்பி டாக்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் பல்பத்தை எடுத்தார். அவசரத்தில் அது ஒடிந்தது. துண்டை வைத்து எழுதினார்.

'33 சொன்னீங்க. ஏன் 17ல நிறுத்துறீங்க?'

சிலேட்டை டாக்டர் பக்கம் திருப்பினார்.

"அதான் சொன்னேனே, உங்க உடம்புக்குக் கொஞ்சம்…"

அவர் மேசையில் தட்டினார். ஒரு தரம்.

"முதல்ல நல்லா சாப்பிடுங்க. அப்புறமா…"

இரண்டு தரம்.

டாக்டர் கதவைப் பார்த்தார். பாதி திறந்திருந்தது. எட்டடி தூரத்தில் அவளுடைய புடவைத் தலைப்பு தெரிந்தது. இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

மூன்று தரம்.

மூன்றாம் தரம் தட்டிய பிறகு சந்தையில் மறுபேச்சு கிடையாது.

டாக்டர் கையை நீட்டிப் பல்பத்துண்டை வாங்கினார்.

மருந்துச் சீட்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுகிற கை. இப்போது ஒவ்வோர் எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதியது. கிறீச் கிறீச் என்ற சத்தம் மட்டும்.

'நுரையீரலுக்குப் பரவிவிட்டது.

குணமாக்க முடியாது.

வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.'

அவர் படித்தார். மறுபடி படித்தார்.

மூன்றாவது வரியின்மேல் விரலை வைத்து டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் தலையசைத்தார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

வெளியே செருப்புச் சத்தம்.

அவர் உள்ளங்கையால் சிலேட்டை அரக்கித் துடைத்தார். டாக்டர் பேனா மூடியைத் தேடினார்.

"என்ன எழுதிக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?"

அவர் பல்பத்தை வாங்கிச் சிலேட்டின் நடுவில் பெரிதாக எழுதிக் காட்டினார்.

'தினம் ரெண்டு முட்டை.'

"பாத்தீங்களா சார்! நான் தொண்டை கிழியச் சொன்னேன், காதுல விழலை. நீங்க சொன்னாத்தான் இவருக்கு ஏறும்!"

இரைந்து சொன்னாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளும் இரைந்தாள்.

தாழ்வாரத்தில் மருந்துக்கு வரிசை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பையில் வைப்பதற்காக அவள் சிலேட்டை வாங்கினாள்.

வாங்கியவள் அப்படியே பார்த்தாள்.

முட்டைக்குக் கீழே, சட்டத்தின் ஓரமாக, அவர் கைக்குத் தப்பிய ஒரு வார்த்தை. அவருடைய எழுத்து இல்லை.

'வலி.'

அவர் எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதத்துக் காலண்டர்.

அவள் முந்தானை நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். அந்த ஓரத்தை. பிறகு நடுவில். பிறகு மறுபடியும் ஓரத்தை.

"முட்டை அவிச்சுத் தரவா, பொரிச்சுத் தரவா?" தலை நிமிராமல் கேட்டாள். இரையவில்லை.

அவர் சிலேட்டுக்காகக் கையை நீட்டினார்.

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.