நான்காவது படி

நான்காவது படியில் டைட்டஸ் ஆறாவது தடவையாகத் தவறியபோது ஷைஜாவுக்குப் பொறுமை போய்விட்டது.

கடியப்பட்டணம் பங்குக் கோவில் மண்டபத்தில் இருபது மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடலில் ஆபத்து என்றால் கரைக்குச் செய்தி அனுப்பும் புதுக் கருவி எல்லார் கையிலும் இருந்தது. பத்தொன்பது பேர் கற்றுக்கொண்டாயிற்று.

மார்த்தாண்டத்தில் அந்தக் கருவியை வடிவமைத்தவர்களில் ஷைஜாவும் ஒருத்தி. எந்த வேலையையும் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துவிட்டால் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். பதினைந்து வருட வேலையில் அவள் கண்டது அது.

மூடியைத் திற. பச்சை விளக்கைப் பார். இரண்டு கையாலும் பிடி. இரண்டு ஓரத்திலும் உள்ள பொத்தான்களைச் சேர்த்து அமுக்கு. ஐந்துவரை எண்ணு. அவ்வளவுதான்.

தெரியாமல் கைபட்டு அபாயச் செய்தி போய்விடக்கூடாது என்றுதான் பொத்தான்களை அத்தனை தள்ளி வைத்திருந்தார்கள். அது அவளுடைய யோசனை.

டைட்டஸ் மட்டும் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தான். ஒரு பொத்தானை வலது பெருவிரலாலும் மற்றதைத் தாடையாலும் அமுக்கப் பார்த்தான். கருவி வழுக்கி மடியில் விழுந்தது. இடது கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பிடித்தபடியே இருந்தது.

ஒருவன் தடுமாறினால் படியை இன்னும் சிறிதாக்க வேண்டும். அவள் நான்காவதை மூன்றாக உடைத்தாள். பலகையில் படம் வரைந்தாள். அவனுடைய இடது கையைத் தானே எடுத்துப் பொத்தான்மேல் வைத்தும் பார்த்துவிட்டாள்.

அடுத்த தடவையும் மூடி பல்லுக்குத்தான் போனது.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எத்தனை மட்டம் சொல்லியாச்சு டைட்டஸ்? அந்தக் கைக்கு என்ன வந்தது? சும்மாதானே இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"சும்மா இல்ல டீச்சர்," என்றான் டைட்டஸ். "புயலன்னைக்கு வள்ளம் கவுந்தப்போ அந்தக் கையிலதான் எனக்க தம்பியப் பிடிச்சிருந்தேன். இத அமுக்கணும்னா அவன விடணும்லா."

தம்பி என்ன ஆனான் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பலகையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுதிய படிகள்.

அழித்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் முன்னால் உட்கார்ந்து, வள்ளம் கவிழ்ந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.

"மொதல்ல அவன் பேரச் சொல்லி விளிச்சேன்."

எழுந்துபோய்ப் பலகையில் ஒன்று என்று போட்டு அதை எழுதினாள். இரண்டு என்று போட்டுவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.