டிஸ்க்கைக் காணோம்!

"யாரு கை வெச்சது? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!"

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஷர்மினி மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே ஜைனுலாப்தீனின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேமரன் மலைக்குப் போகிற கூட்டமெல்லாம் சிம்பாங் பூலாயில் அவர் கடையில்தான் ரொட்டி சானாய்க்கு நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் இருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"போஸ், கிரா!" என்று நாலு மேசையிலிருந்து பில் கேட்டுக் கூப்பிட்டார்கள். கல்லாவில் இருந்த குமுதா, துண்டுக் காகிதத்தில் எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா! சிலிபின்லேர்ந்து வர இவ்வளவு நேரமா?" முதலாளி இப்போது ஷர்மினி பக்கம் திரும்பினார். "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலையில தொறந்தா டிஸ்க்கைக் காணோம்னு எழுதி வருது. டிஸ்க்கு என்ன, தானா எழுந்து நடந்து போச்சா?"

ஷர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எங்கயும் போயிருக்காது முதலாளி. பார்க்கிறேன்."

"பார்க்க என்ன இருக்கு? இந்த மிஷினைத் தொடுறது குமுதா ஒருத்திதான்!"

குமுதா தலை நிமிரவில்லை. "ஆமா முதலாளி. நேத்து நான்தான் தூசி தொடைச்சேன். எங்கயாச்சும் கை பட்டிருக்கும்."

"கேட்டியா தௌஃபிக்? இத்தனை வருஷமா வேலை பார்க்கிறா, ஒரு மிஷினைத் தொடைக்கத் தெரியல!"

கையைக் கட்டிக்கொண்டு நின்ற அவர் மகன் தௌஃபிக், அத்தாவையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஷர்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குமுதா பெரிய பிள்ளைகளுக்குத் தாய். அவளைச் சாப்பிட வந்தவர்கள் முன்னால் வைத்து இப்படியா?

மேசைக்கு அடியில் புகுந்தாள். கேபிள்களை அசைத்துப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாகத்தான் இருந்தன. பின்பக்கம் கையை விட்டுத் துழாவினால், ஒரு பென்டிரைவ்!

அட, இவ்வளவுதானா! கண் விழித்த கம்ப்யூட்டர் முதலில் பென்டிரைவுக்குள் போய்த் தேடியிருக்கிறது. தொடங்குவதற்கு அங்கே ஒன்றும் கிடைக்காமல், டிஸ்க்கே இல்லையென்று கையை விரித்துவிட்டது. பிடுங்கினால் தீர்ந்தது.

பிடுங்கினாள். "இதுதான் முதலாளி" என்று சொல்ல வாயெடுத்தவள் குமுதாவைப் பார்த்தாள். பாட்டுக் கேட்கச் சொருகியிருப்பாள், பாவம். காட்டினால் மறுபடியும் ஒரு ஆட்டம் ஆடுவார் மனுஷன்.

பென்டிரைவ் சத்தமில்லாமல் ஷர்மினியின் சிலுவார், அதான் கால்சட்டைப் பைக்குள் போனது. சும்மா இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினாள், துடைத்தாள், திரும்ப மாட்டினாள். விசையைத் தட்டினாள்.

திரை பளிச்சென்று வந்தது.

"உள்ள சூடு லா, முதலாளி. சூட்டுல ஒரு கேபிள் இளகிடுச்சு. யார் மேலயும் தப்பில்ல."

தௌஃபிக் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். சமையல் பக்கம் போய்விட்டான். ஜைனுலாப்தீன், "அதானே பார்த்தேன்!" என்று ஷர்மினிக்குத் தே தாரிக் டீ ஒன்று போடச் சொன்னார். குமுதாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது.

கிளம்பும்போது குமுதா ரொட்டிப் பொட்டலத்தோடு மோட்டார் வரைக்கும் வந்தாள்.

"இந்தாங்கக்கா." ஷர்மினி பென்டிரைவை அவள் கையில் திணித்தாள். நல்ல காரியம் செய்த பெருமை அவள் முகத்தில் தெரிந்தது. "இதாலதான் படுத்துச்சு. இனிமே இதைச் சொருகி வெச்சிட்டு மிஷினை அடைச்சுத் தொறக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லல."

குமுதா சட்டென்று கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை.

"நல்லவேளை, நீ காட்டல தங்கச்சி. இது முதலாளியோடது."

"என்னது?"

"நேத்து ராத்திரி அவருதான் சொருகி, பேரன் போட்டோவை வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினாரு. காலையில சுத்தமா மறந்துட்டாரு. அவரு ஏதோ தட்டித்தான் கெட்டுப்போச்சுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. இப்பல்லாம் ரொம்ப மறதி. இன்னொரு வாட்டி ஏதாச்சும் ஆச்சுன்னா கடைக்கே வர வேணாம், வீட்டுல இருங்கன்னு தௌஃபிக் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு. கடையை விட்டா அவருக்கு வேற என்ன லா இருக்கு?"

ஷர்மினி கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அதுக்காக அவ்வளவு திட்டையும் வாங்கிக்கிட்டீங்களாக்கா? மனசு வலிக்கல?"

குமுதா சிரித்தாள்.

"மத்தியானச் சோத்து நேரத்துக்குள்ள அதையும் மறந்துட்டு, 'குமுதா, சாப்பிட்டியாம்மா?'ன்னு வந்து நிப்பாரு லா!"