சீமாட்டிக்கு ஆறு

"பையில அப்படி என்னதான் தேடறே, டாக்டரம்மா? குதிரை டிரெட்மில் மேல ஏறி நின்னுக்கிட்டு உன்னையே பாக்குது."

"ரத்தம் சோதிக்கற லாக்டேட் பட்டைங்க. இங்கதான் வச்சேன்."

"முந்தியெல்லாம் வீட்டு மாடிப்படித் திருப்பத்துல நின்னு சாவி தேடுவே. இங்க வந்தா பட்டை. ஒருநாள் என்னையும் அந்தப் பைக்குள்ள போட்டுட்டுத் தேடப் போறே."

மனைவி பைக்குள் இன்னும் ஆழமாகக் கையை விட்டாள். பட்டை கிடைத்துவிட்டது. கால்நடை மருத்துவமனையின் பின்கூடத்தில் அவர்கள் இருவரும் சீமாட்டியும்தான். சீமாட்டி கணவரின் சொந்தக் குதிரை. ஊரார் குதிரைகளையெல்லாம் ஓட்டப் பந்தயத்துக்குப் பழக்கியவர், ஓய்வு பெற்றபோது தனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"ஆரம்பிக்கலாமா?"

"சீமாட்டி ரெடி. நீதான் லேட்டு."

அவள் பொத்தானை அழுத்தினாள். டிரெட்மில் உருள, குளம்புச் சத்தம் முதலில் நடையாகவும் பிறகு ஓட்டமாகவும் மாறியது. அவர் முன்னால் நின்று கடிவாளக் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அதனிடம் ஏதோ முணுமுணுத்தார். பொய்க் கோபத்தோடு பேசும் அந்தக் குரலை இருபத்தெட்டு வருடங்களாக அவளும் கேட்டுவருகிறாள்.

"இன்னிக்குப் பாஸாயிடு தாயே. நாளையிலேருந்து நீ லாயத்துல படு, நான் நாற்காலியில சாயறேன். ரெண்டு பேருக்கும் விடுதலை."



அந்த நாற்காலிக்குத்தான் அவள் அஞ்சினாள். அவருடைய இதயக் குழாயில் அடைப்பு எடுத்த டாக்டர், தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். "நடக்கறது சீக்காளிங்க வேலை" என்று இவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். கல்லில் நார் உரிக்க முடியுமா?

பிறகுதான், இரண்டு மாதங்களுக்கு முன்பு, சீமாட்டிக்கு இந்தச் சோதனை முதல்முறையாக வந்தது. ஓட்டத்துக்கு மூச்சு ஈடுகொடுக்கும்வரை இரத்தத்தில் லாக்டேட் அடங்கியிருக்கும். மூச்சு போதாமல் தசை திணறினால் மளமளவென்று ஏறும். இந்த வேகத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது. அன்று கருவி காட்டியது இரண்டு.

"ஆறு" என்றாள் அவள். "ஆறேதாங்க."

அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். தினமும் மெதுவாக, நிறைய தூரம் நடத்த வேண்டும், யாரும் மேலே ஏறக் கூடாது, பழகிய ஆள் கையில் பிடித்து நடத்த வேண்டும் என்று அவள் அடுக்கினாள். பட்டம் வாங்கியதிலிருந்து ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லாதவள். நாக்கு கூசியது.

"சரி, நடத்தறேன். ஆனா நீயும் கூட வரணும். வழியில இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா டாக்டருக்கு நான் எங்க போவேன்?"

ஒரு வீம்பு இல்லாமல் இவருக்கு ஒரு நாளும் விடியாது என்று நினைத்தபடி அவளும் கிளம்பினாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஏரிக்கரைப் பாதையில் மூன்று பேர். நடுவில் குதிரை. அதன் கழுத்துக்கு மேலாக அவர் பேசுவார், கழுத்துக்குக் கீழாகக் குனிந்து இவள் பதில் சொல்வாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அவருக்குத் தொப்பை கரைந்தது. இரவில் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டபடி விழித்திருப்பதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது.

இன்று மறுசோதனை.

டிரெட்மில்லை நிறுத்தினாள். குதிரையின் கழுத்தில் பொருத்தியிருந்த குழாயிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு துளியைக் கருவியில் வைத்தாள். எண் தெரியும் பக்கத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.

ஒன்று புள்ளி ஒன்பது.

உண்மையைச் சொன்னால் நாளைக்கு அந்த நாற்காலி. ஏரிக்கரையில் யாரும் இருக்கமாட்டார்கள். முதல் பொய்யை இழுத்து வர வேண்டியிருந்தது. இரண்டாவது பொய்யோ தானாகவே வந்து நாக்கு நுனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்ன வந்திருக்கு?" என்றார் அவர், குதிரையின் வியர்வையைத் துடைத்தபடி.

அவள் வாயைத் திறந்தாள்.

"இரு. எது வந்திருந்தாலும் ஆறுன்னே சொல்லிடு."

அவள் திகைத்துப் பார்த்தாள்.

"போன தடவையும் அப்படித்தானே சொன்னே. நிஜமா இருந்தா நீ ஒரு தடவைதான் சொல்லுவே. 'ஆறு, ஆறேதாங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னப்பவே புரிஞ்சுது, சீமாட்டிக்கு ஒண்ணும் இல்லைன்னு."

கருவியை மறைத்திருந்த கை தானாக இறங்கியது. வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"தெரிஞ்சும் எதுக்கு ரெண்டு மாசமா நடந்தீங்க?"

அவர் சட்டைப் பையில் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"வீட்டுக்கு இருக்கறதே இந்த ஒரு சாவி, அதுவும் எப்பவும் எங்கிட்டதான். படித் திருப்பத்துல நின்னு மூச்சு வாங்கறதை மறைச்சுக்கிட்டு நீ பையில தேடினியே, எங்கூட நடக்க ஆரம்பிச்சதிலேருந்து தேடறதில்ல, கவனிச்சியா?"