ஊதினால் அணையாத விளக்கு

கட்டுப்படியாகாது என்று கரண்ட் கம்பெனிக்காரன் கைவிரித்துவிட்டான். அக்கம்பக்கத்து விவசாயிகளே சேர்ந்து கம்பம் நட்டு, அமெரிக்காவில் ஒரு பண்ணைவீட்டுக்குக் கரண்ட் கொண்டுவந்துவிட்டார்கள். அலமாரியில் இருந்த சிம்னி விளக்கை அன்று யாரும் ஏற்றவில்லை.

படுக்கப் போகும்போது வீட்டுக்காரி இங்க்ரிட், பழக்கதோஷத்தில் எம்பி நின்று பல்பை ஊதினாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

"என்னக்கா, மூஞ்சியிலேயே ஊதறா?" என்று சிணுங்கியது பல்பு.

"உன்னைத் தூங்கச் சொல்றாடா," என்றது சிம்னி விளக்கு.

அதன்பிறகு தினமும் அந்த மூச்சுக்காகப் பல்பு காத்திருந்தது. ஒருநாள் இங்க்ரிட் ஊதவில்லை. நேரே சுவிட்சைத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

"அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லடா கண்ணு," என்றது சிம்னி விளக்கு. "நீ வந்த அன்னைக்கு நானும் அப்படித்தான் நினைச்சேன்."