வெண்ணெய் வருவதற்குள்

“எனக்கு முன்னாடி இருந்தவா போனப்போ அவர் என்ன பண்ணினார், அண்ணா?”

போன தீபாவளிக்கு மறுநாள் வேதாந்தத்தின் மனைவி ஜ்யோத்ஸ்னா இப்படித்தான் கேட்டாள். அவளுக்கு இனி மருந்தால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொன்ன வாரம் அது.

“சும்மா உக்காந்திருந்தான்மா,” என்றான் எதிர்வீட்டு மகாதேவன்.

“எத்தனை நாள்?”

“நாளா? முகலாயர் போய் வெள்ளைக்காரன் வந்ததே அவனுக்குத் தெரியாது. நான்தான் கஞ்சி ஊட்டினேன்.”

அவள் சிரித்தாள். “அச்சா. அப்போ இந்தத் தடவை எழுந்திருக்கறப்போ மெட்ரோவே இருக்காது.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று காரடையான் நோன்பு. தலைநகரின் துவாரகாப் பகுதியில், அவர்களுடைய நான்காவது மாடி வீடு முழுக்க வெல்ல அடை வேகும் வாசனை.

கணவனின் ஆயுளுக்காக மனைவி இருக்கும் நோன்பு. ‘எமனே எட்டிப் பார்க்காதவருக்கு நோன்பு இருக்கற ஒரே அசடு நான்தான்’ என்று ஜ்யோத்ஸ்னா வருடாவருடம் சொல்லிக்கொண்டேதான் அடை தட்டுவாள்.

நைவேத்தியத்துக்கு வெண்ணெய் இல்லை என்றாள். வேதாந்தம் செருப்பை மாட்டிக்கொண்டு பால் பூத்துக்கு ஓடினான்.

புதிதாக வந்த காவலாளி அவனை அவளுடைய மகன் என்றே நினைத்திருக்கிறான். அவள் தலை வெளுத்துவிட்டது. அவன் முப்பத்தைந்தில் நிற்கிறான், மகாதேவனைப் போலவே.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் இருவரும் வெள்ளாற்றின் எதிரெதிர்க் கரைகளில் வாளெடுத்தவர்கள். வேதாந்தம் மகாதேவனின் தம்பியை வெட்டினான். மகாதேவன் வேதாந்தத்தின் ஊரைக் கொளுத்தினான்.

அன்றிரவே இருவரும், ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே கொற்றவையிடம் ஒரே வரத்தைக் கேட்டார்கள். அவனை என் கையால் கொல்லும்வரை எனக்குச் சாவு வரக் கூடாது.

அவள் இருவருக்கும் கொடுத்துவிட்டாள்.

துரத்தினார்கள். களைத்தார்கள். ஒருமுறை யமுனைக் கரையில், போதும் என்று பேசிவைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் குத்தியும் பார்த்தார்கள். விடிவதற்குள் காயங்கள் மூடிக்கொண்டன.

வெறுப்பில் கேட்ட வரம்; ஒருவன் மற்றவனை வெறுப்போடு குத்தினால்தான் அது விலகிச் சாவு வரும். அந்த வெறுப்பு எங்கே, எப்போது தீர்ந்துபோனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

மகாதேவனுக்கு இப்போது தம்பியின் முகம்கூட நினைவில் இல்லை. மிச்சம் இருந்தது அந்தத் தம்பியின் காலில் கிடந்த வீரக்கழல் மட்டும்தான்.

இந்தக் குளிர்காலத்தில் விசித்திரமாகச் சில நடந்தன.

மகாதேவனின் காரில் யாரோ சாவியால் கோடு கிழித்தார்கள். அவன் மோட்டார் போட்டு எல்லோருடைய தண்ணீரையும் திருடுகிறான் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்தது, வேதாந்தத்தின் எண்ணிலிருந்து. கேட்டால் வேதாந்தம் திருதிருவென்று விழித்தான்.

“எண்ணூறு வயசாகுதுல்ல, செஞ்சது மறந்திருக்கும்,” என்று மகாதேவன் சிரித்துவிட்டான்.

போன வாரம் கழல் காணாமல் போனது. மகாதேவன் வீட்டின் மாற்றுச் சாவி எதிர்வீட்டில்தான் இருந்தது. அன்று காலைதான் கபாடிவாலா வந்து, வேதாந்தம் வீட்டுப் பழைய இரும்பையெல்லாம் எடைபோட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

எத்தனையோ காலத்துக்குப் பின் மகாதேவனின் கை தானாக இடுப்பில் வாளைத் தேடியது. எதிர்வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

வேதாந்தம் தரையில் உட்கார்ந்து, மனைவியின் வீங்கிய பாதங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, “வாடா, காபி போடட்டுமா?” என்றான்.

கை இறங்கிவிட்டது.

“போடு. சர்க்கரை தூக்கலா.”

கட்டிலில் சாய்ந்திருந்த ஜ்யோத்ஸ்னா அதுவரை மகாதேவனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏனோ, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்று, வேதாந்தம் வெண்ணெய்க்குப் போயிருந்த நேரம், அடுப்படி முக்காலியில் அவள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் எடுக்க, நோன்பு அடைக்கு வந்திருந்த மகாதேவன் ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

கதவுத் தட்டில் வெண்ணெய் இருந்தது. பிரிக்காத பொட்டலம்.

திரும்பினான். அவள் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு எதையோ எடுத்து மேடைமேல் வைத்தாள். அரிசி உதிர, தம்பியின் கழல்.

“கபாடியில போட மனசு வரலை, அண்ணா.”

அவன் ஃப்ரிட்ஜ் கதவை மூடினான்.

“காரும், அந்த வாட்ஸ்அப் புகாரும் நான்தான். கை நடுங்கித்து, கோடுகூட நேரா வரலை.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வெளியே லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது.

மஞ்சள் சரடு இன்னும் கழுத்தில் ஏறாமல் அவள் விரலிலேயே சுற்றியிருந்தது. அந்தக் கையாலேயே கழலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“நான் போனப்பறம் அவர் மறுபடி அப்படி உக்காரக் கூடாது. இந்த வருஷ நோன்பு உங்களை வேண்டிண்டுதான்.”

லிஃப்ட் நின்றது.

“ஒரே ஒரு தடவை அவரை வெறுங்கோ, அண்ணா.”