நீலக் கதவு

காலை எட்டேகால். நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட கம்மாபுரத்து வீட்டின் கதவைப் பிரித்து, விருத்தாசலத்தில் பீங்கான் ஆலைக்குப் பின்னாலுள்ள வாடகை வீட்டின் வாசலுக்கு பெஞ்சு செய்துகொண்டிருக்கிறார் காஸ்பர். மூன்று பலகைகளை மரநிறம் தெரிய இழைத்துவிட்டார். நீலப் பெயிண்ட் ஒட்டிய சீவல்கள் காற்றில் உருண்டு சாக்கடையில் விழுகின்றன. கடைசிப் பலகையில் இழைப்புளியை வைக்கும்போது மனைவி லீமா ஓடிவந்து இரண்டு கைகளையும் அதன்மேல் விரிக்கிறாள். நகங்கள் வெளுக்க அழுத்துகிறாள். மகன் வளன் கோபத்தில் அறைந்து சாத்திவிட்டுப் போன கதவு அது. நான்கு வருஷமாகத் தகவல் இல்லை. இந்த விலாசம் அவனுக்குத் தெரியாது.

“இன்னாத்துக்குங்க இத்தையும் இழைக்கிறீங்க?”

“வாசல்ல போடறது, வழவழன்னு இருக்கட்டுமே லீமா.”

“தெரு பூரா ஒரே மாதிரி வூடு. தேடிக்கினு வந்தா, புள்ள எதப் பாத்துங்க நம்ம வாசல்ல நிப்பான்?”