ஞாயிறு நான்கு மணி

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, ஊர் சுற்றும் திட்டத்தை விரித்துப் போட்டேன்.

திட்டம் என்றால் என் பாணியில். இருபது வருடமாக வார்டில் நர்சுகளுக்கு டியூட்டி சார்ட் போடுகிற கை இது. சனிக்கு ஒரு பத்தி, ஞாயிறுக்கு ஒரு பத்தி, மணிக்கு ஒரு கட்டம். ஸ்கேல் வைத்துக் கோடு. எழுதுவது பென்சிலால், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

மூன்று மணி நேர ரயில் பயணத்தில் ஒரு பெரிய நகரம். இரண்டு நாள். நாங்கள் நான்கு பேர்.

நான்கு பேராகப் போவது இதுதான் கடைசி. எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். திங்கட்கிழமை இவர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகிறார். அதற்குள் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் வைத்துச் சொன்னால், உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு ஞாபகம் வரும். வெளியூரில் சொன்னால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். இப்படி ஒரு யோசனை. யாருடையது? என்னுடையதுதான். பெரிய மேதாவி!

ஞாயிறு நான்கு மணிக்கு என்று பேசி வைத்திருந்தோம். ஆற்றோரப் பூங்காவில் ஒரு பெஞ்சு. ஏழு மணிக்கு ரயில்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவளுக்குப் பதினேழு, சின்னவனுக்குப் பதினைந்து. அவள் கிழக்கே என்றால் அவன் மேற்கே. அவளுக்குக் கடைத்தெரு வேண்டும். அவனுக்குப் பதினோரு மணிவரை தூங்க வேண்டும். அதற்கு எதற்கடா ரயிலேறிப் போக வேண்டும் என்று கேட்டேன்.

இவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். பதினெட்டு வருடத்தில் இந்த மனுஷன் இவ்வளவு சம்மதித்து நான் பார்த்ததே கிடையாது. எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கினேன்.

சனிக்கிழமைப் பத்தி நிரம்புவதற்குள் இரண்டு சண்டை.

ஞாயிறுக்கு வந்ததும் பெரியவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். காகிதத்தையே பார்த்தாள். தம்பியை முழங்கையால் இடித்தாள். அவனும் குனிந்து பார்த்தான்.

"பென்சிலைக் குடும்மா, நாங்க எழுதுறோம்."

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்று மணிக்கு மீன் காட்சியகம். நான்கு மணிக்குப் பொம்மலாட்டம். ஐந்துக்குப் படகு. ஆறு மணிக்கு, ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மணிக்கூண்டில் ஏறுவது, முந்நூறு படி.

பொம்மலாட்டமாம்! போன வருடம் சித்தி வீட்டு வாண்டுகளோடு உட்காரச் சொன்னதற்கே இரண்டு நாள் என்னோடு பேசாதவன் இவன். எதைச் சொன்னாலும் ஐயோ போர் என்று கண்ணை உருட்டுகிறவள் அவள்.

ஆனால் ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இரண்டும் ஒத்துப்போய் எத்தனை வருடம் ஆகிறது! எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசிக் கட்டம் நிரம்பியதும் சின்னவன் அப்பாவைப் பார்த்தான்.

"ரயில்ல வச்சு எதுவும் பேச முடியாதில்லப்பா? சுத்தி ஆளுங்க இருப்பாங்கல்ல?"

இவர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை என் பக்கம் இழுத்தேன்.

நான்கு மணிக் கட்டத்தில், அவள் எழுத்துக்கு அடியில், ஒரு சின்ன வட்டம் இருந்தது. நான் போட்டது. போட்டது எனக்கே தெரியாது.

வார்டில், டாக்டர் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கெட்ட செய்தி சொல்லப்போகிற நேரத்துக்கு நாங்கள் எதுவும் எழுதமாட்டோம். வெறும் வட்டம். அந்த நேரத்தில் யாருக்கும் வேறு வேலை போடக் கூடாது.

பள்ளி விட்டு வந்து நர்சுகள் அறையில் வீட்டுப்பாடம் எழுதிய காலத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். வட்டம் போட்ட நேரத்தில் சத்தம் போடக் கூடாது, யாரோ அழப்போகிறார்கள் என்று.

அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சில் அழுந்தி அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது.

என்ன எழுதினாலும் திங்கட்கிழமை வரத்தானே போகிறது. பொம்மலாட்டத்தை அழித்துவிடலாம் என்று ரப்பரைத் தேடினேன்.

அது சின்னவன் கைக்குள் இருந்தது. அவன் கையைத் திறக்கவில்லை.